சாவுக்கு வரிசை உண்டா? கேஷுவாலிட்டியில் நின்ற ஒருத்தியின் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மே மாதம் சேலத்தில் ஒரு தியேட்டரில் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' வரிசையின் ஆறாவது படத்தை நண்பர்களோடு பார்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் அறைக் காட்சியில் வியர்த்து, கண் இருட்டி, இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவில் விழுந்திருக்கிறீர்கள். கை கால் இரண்டு முறை வெட்டியதும் கூட இருந்தவர்கள் வலிப்பு என்று நினைத்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் மரம் ஏற்றிய லாரி முன்னால் போனால் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறீர்கள். "நான் கோழையா, இல்லை உடம்பில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் நீங்களும் நண்பரும் ஒரே பைக்கில் மலைக்குப் போவதாக இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் நின்றுவிட்டீர்கள். அவர் தனியாகப் போனார். இறங்கும்போது ஒரு வளைவில் இறந்துபோனார். நீங்கள் பார்த்த படத்திலோ, தப்பியவர்களைச் சாவு வரிசையாகத் தேடி வருகிறது. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விடுவதில்லை. "என் முறை எப்போது? என் தங்கச்சிக்கும் வருமா?" இதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சேலத்தில் அவசரப் பிரிவில் 24 வருடம் செவிலியராக இருந்தவள். டாக்டர் இல்லை, மனநலம் படித்தவளும் இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, என் அனுபவத்தில் தோன்றியது எது என்று பிரித்தே சொல்கிறேன். அந்தப் படத்தை என் மகனோடு நானும் பார்த்தேன்.

முதலில் மயக்கம். இதில் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை. ரத்தத்தையும் காயத்தையும் பார்க்கும்போது சிலருக்கு முதலில் இதயம் படபடவென்று அடிக்கும். அடுத்த சில நொடிகளில் அப்படியே எதிர்மாறாக நாடி தளர்ந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, அழுத்தம் சட்டென்று விழும். மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறைந்தாலே போதும், ஆள் சாய்ந்துவிடுவார். வேசோவேகல் மயக்கம் என்பார்கள். பாம்பைப் பார்த்துப் பயந்தவருக்கும் உயரத்தைப் பார்த்துப் பயந்தவருக்கும் அழுத்தம் ஏறும். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுபவருக்கு மட்டும்தான் இப்படி ஏறி இறங்குகிறது. இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லை. பல வீடுகளில் இது குடும்பத்தோடு வரும். உங்கள் அப்பாவோ தாய்மாமாவோ ஊசி போடும்போது சாய்ந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சியின் முதல் வருடம் ஆபரேஷன் தியேட்டரில் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்த மாணவிகளில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு நான் கட்டிய காயங்களுக்குக் கணக்கில்லை. மனித உடம்புக்கு ஏன் இப்படி ஒரு பழக்கம் வந்தது என்பதற்கு மட்டும் பல ஊகங்கள் உண்டு, ரத்த இழப்பைக் குறைக்க உடம்பு செய்யும் ஏற்பாடு என்பது அதில் ஒன்று. எதுவும் இன்னும் நிரூபிக்கப்பட்டதில்லை.

கை கால் வெட்டியதைப் பற்றி: மூளைக்கு ரத்தம் குறையும்போது இந்த மாதிரி மயக்கத்திலும் சில நொடி வெட்டுவது சகஜம்தான். உங்களுக்கு விழும் முன்பே வியர்வையும் கண் இருட்டலும் வந்திருக்கிறது, விழுந்ததும் உடனே தெளிந்து ஆட்களை அடையாளம் சொல்லியிருக்கிறீர்கள். இவை சாதாரண மயக்கத்தைக் காட்டுகிற அடையாளங்கள். சாவி எதற்கும் மருந்தல்ல, வலிப்புக்கும்கூட. இப்படி மயங்கி விழுந்தவருக்குச் செய்ய வேண்டியது, தரையில் படுக்கவைத்துக் காலை உயர்த்துவது. தெளியும் முன் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தால் ரத்தம் தலைக்கு ஏறாமல் மறுபடி சாய்வார். நம் ஊரில் நல்லெண்ணத்தில் செய்கிற தப்புகளில் இதுதான் அதிகம். வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவும் கூடாது. அடுத்த முறை தலை லேசாகிற உணர்வு வந்தால் கை, தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நொடியில் முகத்தில் சூடு ஏறும்; விட்டுவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்குங்கள். ஐந்து முறை செய்தால் விழுகிற அழுத்தம் ஏறிவிடும். 1980களில் சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் இதைச் சிகிச்சையாகவே வகுத்தார். ஊசி போட வந்தவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பலன் கண்டிருக்கிறேன். ஆனால் ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயக்கம் வந்திருந்தால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்திருந்தால், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், இந்தப் பேச்சை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுங்கள். அது என் எல்லைக்கு வெளியே.

அப்புறம் அந்தப் படம் காட்டுகிற ரத்தம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். படத்தில் ஒரே காயத்தில் அதற்கு மேல் தெறிக்கிறது. எலும்பும் சதையும் வாழைத்தண்டு மாதிரி நறுக்கென்று துண்டாகிறது. நான் பார்த்தது வேறு. ஒரு ராத்திரி ஒரே பைக்கில் விழுந்த இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு உச்சந்தலை கிழிந்து முகம், சட்டை எல்லாம் ரத்தம். வீட்டார் அவரைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். மற்றவர் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் அமைதியாக உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லைங்க சிஸ்டர், அவனைப் பாருங்க, எனக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். அந்தத் தண்ணீர் கேட்டதுதான் என்னைத் திருப்பியது. கையைப் பிடித்தேன், சில்லென்று பிசுபிசுத்தது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான்கு எண்ணியும் வெளுத்தே கிடந்தது. நாடி 130. ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தி மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிற்றுக்குள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கியும் வெளியே ஒரு சொட்டு தெரியவில்லை. தலை கிழிந்தவர் தையல் போட்டு மறுநாள் வீட்டுக்குப் போனார். மண்ணீரல் கிழிந்தவரை அரை மணி நேரத்தில் ஆபரேஷனுக்கு அனுப்பினோம். இவரைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உங்களை விழவைத்த ஸ்கேன் காட்சியில் பாதி உண்மை இருக்கிறது. எம்ஆர்ஐ காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. இரும்புப் பொருள் உள்ளே போனால் அது எறிபடையாகவே மாறும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போன ஒருவர் அப்படி இழுக்கப்பட்டு இறந்தார். படம் தவறுவது எங்கே என்றால், இயந்திரம் திடீரென்று உயிர்பெற்று இழுக்க ஆரம்பிப்பதில். காந்தம் எப்போதுமே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ராத்திரி விளக்கை அணைத்த பிறகும். அதனால்தான் கதவுக்கு வெளியிலேயே ஊக்கு, சாவி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி மிரட்டுகிறோம். மும்பையில் ஒருவரைக் கொன்றது மறைவான கை எதுவும் இல்லை. வாசலில் நடக்க வேண்டிய சோதனை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மரலாரிக்கு வருவோம். அந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2003இல் வந்த இரண்டாவது படத்தின் நெடுஞ்சாலைக் காட்சியைப் பார்த்த உலகம் பூராவும் உள்ளவர்களுக்கு இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காட்சிக்காக நிஜ மரங்களை லாரியிலிருந்து விழவிட்டுப் பார்த்தபோது அவை தரையில் எகிறவே இல்லை. ஒரு அங்குலம் எழும்பிப் படுத்துக்கொண்டன. அதனால்தான் எகிறிக் கண்ணாடியை உடைக்கும் மரங்களைக் கணினியில் செய்தார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்து நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தை ஏற்றி இறங்கும் லாரி, கட்டு சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடைவெளி விட வேண்டிய வண்டிதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். மூன்று நொடி இடைவெளி என்றால் 33 மீட்டர். அவ்வளவு விட்டுப் போங்கள், போதும். எங்களிடம் வந்த லாரி விபத்துகளில் பெரும்பாலானவை பின்விளக்கு எரியாமல் இருட்டில் நின்ற லாரியில் பைக் போய் முட்டியவை. மரம் உருண்டு வந்து ஆளை அடித்தது என்று என் 24 வருடத்தில் ஒன்றுகூட வரவில்லை. இது என் ஒரு வார்டின் அனுபவம்தான். எங்குமே நடக்காது என்று அர்த்தம் இல்லை.

அந்தப் பாதையில் உண்மையில் ஆளைக் கொல்வது எது என்று கேட்டால் இறக்கத்தைச் சொல்வேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டியே மெதுவாகப் போகும். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள், இல்லை பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருவார்கள். சூடேறிய பிரேக் கீழ் வளைவுகளில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வதுதான் சரி. கோடை மழையின் முதல் தூறலில் தார் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 50,029 பேர் ஹெல்மெட் போடாதவர்கள். அந்த ஒரு வரியைத்தான் எனக்குத் தாண்டிப் போக முடிவதில்லை. அவர்களில் பலருடைய ஹெல்மெட்டை நான் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் டேங்க் மேல் மாட்டியபடி வந்து சேரும், கீறல்கூட இல்லாமல்.

சரி, வரிசை. சாவை ஏமாற்றும் கதை நமக்குப் புதிதா என்ன? சேலத்துக்குப் பக்கத்திலேயே கஞ்சமலை இருக்கிறது. ஏதோ ஒரு குச்சியால் கிளறியதில் கருத்துப்போன சோற்றைத் தின்று கிழவர் இளைஞரானார் என்று சித்தர் கோயிலில் இன்றும் சொல்வார்கள். மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், சாவித்திரி எமனோடு வாதாடினாள், நசிகேதன் எமன் வாசலில் மூன்று இரவு காத்திருந்தான். நம் கதைகளில் சாவுக்கு ஒரு முகம் உண்டு. அதனோடு பேசலாம், கெஞ்சலாம், மடக்கலாம். நீங்கள் பார்த்த படத்துக்கு நெருக்கமானது பரீட்சித்து மகாராஜா கதை மட்டும்தான். ஏழு நாளில் பாம்பு கடித்துச் சாவாய் என்று சாபம். ஒற்றைத் தூண் மண்டபம் கட்டி, காவல் போட்டு உட்கார்ந்தான். பாம்பரசன் தட்சகன் பழத்துக்குள் புழுவாக வந்தான். அந்தப் பழம்தான் இந்தப் படங்களில் கழன்ற திருகாகவும், சொட்டுகிற தண்ணீராகவும், ஆடுகிற மின்விசிறியாகவும் வருகிறது. ரத்தம் வருவதற்கு முன்பே இந்தப் படங்கள் நம்மைப் பிடித்துவிடுவதற்குக் காரணம் அதுதான். கேமரா ஒரு திருகின் மேல் இரண்டு நொடி நின்றால், அதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று நம் மூளை தானே முடிவு செய்கிறது. படத்தில் அது உண்மை. எழுதியவர் ஒருவர் இருக்கிறார். வெளியே வந்த பிறகும் மூளை அதே வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதிலும் ஐந்து மாதத்துக்கு முன் நண்பரைப் பறிகொடுத்த ஒரு மூளைக்கு அதை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம்.

விதி உண்டா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை, உங்கள் பாட்டியின் நம்பிக்கையையும் தொடவில்லை. ஆனால் தப்பியவர்களைத் தேடி வரும் வரிசை ஒன்று இருந்திருந்தால் அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவர்கள் எங்களை மாதிரி ஆட்கள்தான். நின்ற இதயத்தை அழுத்தி ஓடவைத்து அனுப்பியவர்கள், விஷம் குடித்துப் பிழைத்தவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டதால் உயிரோடு இருப்பவர்கள், எத்தனையோ பேர். அவர்கள் கண்ணாடி விழுந்தும் மின்விசிறி கழன்றும் ஒவ்வொருவராகத் திரும்பி வரவில்லை. சர்க்கரைக்கும் சளிக்கும் வந்தார்கள், பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வந்தார்கள். தண்ணீர் கேட்டாரே, மண்ணீரல் கிழிந்தவர், அது 2004. அன்றைக்கு அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் ஒரு பை மல்கோவா கொண்டுவந்து வார்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் ஓய்வு பெற்ற வருடம் மகளையும் கூட்டி வந்தார், பிளஸ் டூ முடித்த பெண். படத்தின் கணக்குப்படி அவள் பிறந்திருக்கவே கூடாத பெண். பை கனம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதுல நாலு பழம் நாளைக்குத்தான் பழுக்கும் ஆன்ட்டி, இன்னைக்கு அறுத்துடாதீங்க" என்று சொல்லி, எது எது என்று தொட்டுக் காட்டினாள். உங்கள் தங்கச்சியை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகம் வருகிறாள்.

உங்களுக்கு வர வேண்டியது நண்பருக்குப் போகவும் இல்லை. இரண்டு பேர் ஏறிய பைக்கின் எடை வேறு, வேகம் வேறு, நின்று டீ குடிக்கிற இடம் வேறு, அந்த வளைவுக்கு வந்து சேர்கிற நேரம் வேறு. நீங்கள் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, நீங்களும் இறந்திருப்பீர்கள் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடந்த அம்மாவோடு இருந்தது ஒரு தப்பு என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. தப்பிப் பிழைத்தவர்களுக்கு இந்தக் குற்ற உணர்வு வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அது கனம் குறையும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தில் அந்தக் காட்சி வருவது, சில சாலைகளையே தவிர்ப்பது, வீட்டார் வெளியே போனால் நெஞ்சு அடைப்பது எல்லாம் தொடர்ந்தால் உதவி கேட்க வேண்டும், அது சிகிச்சையில் சரியாகிற விஷயம். நீங்கள் சொல்வதில் இரண்டு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கே போங்கள். எந்தச் சிகிச்சை உங்களுக்குச் சரி என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தை மிச்சமும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். மருத்துவ விதி எதுவும் இல்லை. என்றைக்காவது பார்த்தால், சாவைப் பற்றி விளக்கிச் சொல்லும் அந்தப் பெரியவர் வரும் இடத்தைக் கவனியுங்கள். 2000இல் வந்த முதல் படத்திலிருந்தே வருகிற நடிகர் டோனி டாட். இந்தப் படம் எடுக்கும்போது நிஜமாகவே உடம்பு முடியாமல் இருந்தார். வெளியாவதற்கு முன்பே, 2024 நவம்பரில் இறந்துவிட்டார். அவருடைய கடைசிப் பேச்சை எழுதிக் கொடுக்காமல், மனதில் தோன்றியதைப் பேசும்படி இயக்குநர்கள் விட்டுவிட்டார்கள். அத்தனை போலி ரத்தத்துக்கு நடுவில் நான் கண் கலங்கியது அங்கே மட்டும்தான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. காரியம் முடிந்த பிறகு நண்பரின் வீட்டுப் பக்கமே போகவில்லை, அவர் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப் பிரிவு வாசலில் நிற்கிற தாய்மார்கள் எங்களிடம் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "கடைசியா ஏதாவது பேசினானா கண்ணு?" பல நேரம் எங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. உங்களிடம் இருக்கிறது. அன்று காலை அடிவாரத்திலிருந்து போன் பண்ணி, மேலே பனி இறங்கியிருக்கிறது, வராமல் போய்விட்டாயே என்று நான்கு நிமிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்களே. அந்த நான்கு நிமிடம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.